மூன்று பேரை வைத்துக் கோ-கோ ஆட முடியாது

ஹோம் ஸ்கூலிங் செய்கிற பெற்றோர் நான்கு பேர் கூடினால் ஒரு கணக்கு காதில் விழும். பள்ளியிலிருந்து நிறுத்திய பிள்ளையை உடனே வீட்டில் பாடம் படிக்க உட்கார வைக்காதீர்கள். எத்தனை வருடம் பள்ளிக்குப் போனதோ அத்தனை மாதம் சும்மா விட்டுவிடுங்கள். மணி அடிக்காமலே பசிக்கவும், யாரையும் கேட்காமல் ஒன்றுக்குப் போகவும் முதலில் பழகட்டும் என்பார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் வந்த கணக்கு அல்ல. பட்டவர்கள் சொல்லிச் சொல்லி நிலைத்துப்போனது. புதிதாக வருகிறவர்களுக்கு நானும் இதை ஓதியிருக்கிறேன். திருப்பிப் போட்டுப் பார்த்ததில்லை. வீட்டிலேயே இருந்த பிள்ளை ஒரு நாள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டால், வீட்டில் மிச்சமாகிற ஆளை எத்தனை மாதம் சும்மா விட வேண்டும்?

மிச்சமான ஆள் நான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் ஆலைகள் சிலவற்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன், ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுக்கிறேன். மனைவிக்கு வங்கியில் வேலை. அதனால் மகளுக்கு வாத்தியார் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, ஆசைப்பட்டுத்தான் எடுத்துக்கொண்டேன்.

பாடத்திட்டம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. காலையில் கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் வாசிப்பு. அதற்குப் பிறகு எது கண்ணில் படுகிறதோ அதுதான் பாடம். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்து (பி.ஏ.பி.) வாய்க்காலில் நான்கு மண்டலங்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். பின்னங்களை அங்கே ஆரம்பித்தோம். வால்பாறை ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டு, எந்த வளைவில் காது அடைக்கிறது என்று குறித்துக்கொண்டு காற்றழுத்தம் படித்தோம்.

எல்லாவற்றையும்விட நீண்டு ஓடியது வெள்ளை ஈ. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2016-இல், எங்கள் பொள்ளாச்சி வட்டாரத் தென்னந்தோப்புகளில்தான். ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக முட்டை வைக்கும். அது கழிக்கிற தேன் போன்ற திரவம் கீழ் ஓலைகளில் படிந்து, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, விறகடுப்பு எரிந்த சமையல்கட்டுச் சுவர் மாதிரி தோப்பே கறுத்துவிடும். மஞ்சள் நிறம் அந்தப் பூச்சியை இழுக்கும் என்பதால் மஞ்சள் ஷீட்டில் விளக்கெண்ணெய் தடவி மரத்துக்கு மரம் கட்டினோம். ஒட்டியவற்றை எண்ணினோம். எண்ணியதை வரைபடமாகப் போட்டோம். என்கார்சியா என்றொரு மிகச் சிறிய குளவி, வெள்ளை ஈயின் இளம்பருவத்துக்குள்ளேயே தன் முட்டையை வைத்து அதைக் கொல்லும் என்று தெரிந்த பிறகு, கையில் லென்ஸோடு ஓலை ஓலையாகத் தேடினாள். "மருந்தடிச்சா இந்தக் குளவியும் செத்துப்போகுமேங்கப்பா" என்று அவளாகவே வந்து சேர்ந்த அன்று, ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்கள், "அது சரி, பாப்பா எத்தனாவது படிக்குது?" என்றார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததை ஒரு இரவுச் சாப்பாட்டில் அவள் நிறுத்தினாள்.

"ஏனுங்கப்பா, கோ-கோவுல துரத்துற டீம்ல எத்தன பேருன்னு தெரியுமா?"

"ஒம்பது பேர்."

"எட்டுப் பேரு உக்காரோணும், ஒருத்தர் ஓடோணும். நம்ம ஊட்டுல மூணு பேருதானுங்க இருக்கறோம்."

படிப்பில் இன்ன குறை என்று சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன், அதற்கு என்னிடம் சரக்கு உண்டு. நண்பர்கள் இல்லை என்று சொல்லியிருந்தால் தெருப் பிள்ளைகளைக் காட்டியிருப்பேன். ஹோம் ஸ்கூலிங் குடும்பங்களைப் பார்த்து எல்லோரும் கேட்கிற "சமூகத்தோட பழக வேண்டாமா" என்ற கேள்விக்கு மனப்பாடமாகப் பதில் வைத்திருக்கிறேன். ஒன்பது என்ற எண்ணுக்கு என்ன பதில் சொல்வது? மனைவி சோற்றைப் பிசைந்துகொண்டே, "கேட்டுட்டா இல்லீங்க, போய்ச் சேத்துட்டு வாங்க" என்றார்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10-ஆவது பிரிவு. சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று எங்கும் சொல்லவில்லை. வீட்டுவழிக் கல்வி என்ற பேச்சே அதில் இல்லை. சட்டம் பேசாமல் விட்ட அந்த இடத்தில்தான் எங்களைப் போன்றவர்கள் குடியிருந்தோம். ஒவ்வொரு கோடையிலும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வருகிற டீச்சர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, மகளை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உங்களை நான் எந்தக் கட்டத்துலங்க எழுதறது?" என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே யோசிப்பார்.

அரசுப் பள்ளியில் சேர்க்கப் போனபோது அதே சட்டம் எங்கள் பக்கம் நின்றது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை எந்தப் பள்ளியிலும் சேர்ந்திராவிட்டால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மற்ற பிள்ளைகளுக்கு ஈடாக வரச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும் என்கிறது 4-ஆவது பிரிவு. அதை அச்செடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டு, சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

"டி.சி. குடுங்க" என்றார் தலைமையாசிரியை.

"டி.சி. இல்லீங்க டீச்சர். எங்கேயும் படிக்கலை."

"வெளியூருங்களா?"

"இதே ஊர்தானுங்க."

அவர் மகளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "பாப்பாவுக்கு உடம்புக்கு ஏதாச்சும்?" என்றார்.

விளக்கிச் சொன்னதும் மேசையிலிருந்த செய்தித்தாளை எடுத்து நீட்டினார். மகள் வாசித்தாள். இன்னொரு பத்தி என்றார். அதையும் வாசித்தாள். சேர்க்கைக்குத் தேர்வு வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, அந்தப் பிரிவும் என் ஃபைலில் இருந்தது. அவர் வைத்தது தேர்வு மாதிரித் தெரியவில்லை. ஆவல்தான். அதற்குப் பிறகு பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் நகல், போட்டோ என்று எல்லோருக்கும் நடப்பதுதான் எங்களுக்கும் நடந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் மட்டும், "ஆறாவது சேர வர்ற பிள்ளைக்கு எமிஸ் நம்பர் இல்லாம இப்பத்தானுங்க பாக்கறேன்" என்று அதிசயித்துவிட்டு, கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கிற அந்த அடையாள எண்ணைப் புதிதாக உண்டாக்கினார். 4-ஆவது பிரிவைக் கடைசிவரை வெளியே எடுக்க வேண்டி வரவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

செய்தி பரவியதும் சொந்தக்காரர்கள் இரண்டு வகையாகப் பிரிந்தார்கள். "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே" என்றவர்கள் ஒரு வகை, இவர்களை எதிர்பார்த்தேன். இன்னொரு வகையை எதிர்பார்க்கவில்லை. பெரியப்பா முறையாகிற ஒருவர் என் தோளைத் தட்டி, "பரவாயில்லடா, கணக்குப் பண்ணித்தான் சேத்திருக்கற" என்றார். முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது; அடுத்த ஆண்டே பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அதேபோல ஆறிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். ஒன்றிலிருந்து ஐந்து வரை எங்கே இருந்தாலும் கேள்வி இல்லை. ஆக, வருடக்கணக்காகப் பைத்தியக்காரன் என்று பேர் வாங்கிய நான், கோ-கோவின் புண்ணியத்தில் ஒரே வாரத்தில் ஊரிலேயே பெரிய கணக்குப்புள்ளை ஆகிவிட்டேன். மறுத்துப் பார்த்தேன். மறுக்க மறுக்கச் சாமர்த்தியம் கூடியதாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

கூட இருந்த ஹோம் ஸ்கூலிங் குடும்பங்கள் அப்படி வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை. "அவ சந்தோஷமா இருந்தாச் சரிதான்" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்கள். வாட்ஸ்ஆப் குழுவில் நான் ஏதாவது எழுதினால் முன்பெல்லாம் பத்துப் பேர் பதில் போடுவார்கள். இப்போது ஒரு கும்பிடு வருகிறது. தோற்றவன் என்று அவர்கள், திருந்தியவன் என்று இவர்கள். இரண்டுக்கும் நடுவில், பிள்ளை ஒன்று கேட்டது, அப்பன் செய்தான் என்கிற சின்ன விஷயத்தைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

2025-இல் தென்மேற்குப் பருவமழை மே 24-ஆம் தேதியே கேரளத்தில் இறங்கிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரில் இருக்கிற எங்களுக்கும் முன்னதாகவே ஈரக்காற்று வந்துவிட்டது. ஜூன் 2 காலையில் சீருடை சரியாகக் காயாமல், மனைவி இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தே உலர்த்தினார். மகள் போனாள். மனைவி போனார். நான் நார் ஆலைக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பகல் முழுக்க எனக்கே எனக்கு. அமைதியாக வேலை பார்க்க ஒரு பகல் கிடைக்காதா என்று எத்தனையோ தடவை ஏங்கியிருக்கிறேன். கிடைத்த பகலில் ஒரு பில்லைக்கூட ஒழுங்காகப் பதிய முடியவில்லை.

பிரிவு என்று இதற்குப் பெயர் வைக்கத் தோன்றவில்லை, சாயங்காலம் வந்துவிடப் போகிற பிள்ளைதானே. எது என்னைப் படுத்தியது என்பது ஒரு வியாழக்கிழமைச் சந்தையில்தான் பிடிபட்டது. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரல்களைப் பிடித்தே விலை பேசுவார்கள். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்; துண்டுக்கு அடியில் ஆயிரங்கள் ஏறும், இறங்கும். அன்று ஒரு கிழவர் துண்டுக்குள் கையை விட்டவர், எதிராளி பிடித்த விரலை உதறிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். நான் சட்டென்று இடுப்புயரத்துக்குக் குனிந்து, "பாத்தியா?" என்றேன். அங்கே யாரும் இல்லை. பக்கத்தில் நின்ற கன்றுக்குட்டிதான் என்னைப் பார்த்தது.

ஆறு வருடமாக நான் எதையும் எனக்காகப் பார்த்ததில்லை. ஆழியாறு அணையில் தண்ணீர் ஏறினால், பஸ் கண்டக்டர் சில்லறையை எண்ணினால், தச்சர் ரசமட்டம் வைத்தால் உடனே அதை அவளுக்கு எப்படிக் காட்டுவது, என்ன கேள்வி கேட்பது, எந்தப் பாடத்தில் கோப்பது என்று மனசு ஓட ஆரம்பித்துவிடும். அந்தப் பழக்கத்துக்குப் பள்ளி திறந்த தேதி தெரியவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. காட்ட ஆள் இல்லாமல் ஒன்றைப் பார்த்துவிட்டுச் சும்மா வீடு திரும்புவதற்கு நான் தனியாகப் பழக வேண்டியிருந்தது.

அவளோ சுலபமாகப் பழகினாள். உண்மையைச் சொன்னால், நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. வரிசையில் நிற்பது பிடித்தது. எல்லோரும் சேர்ந்து தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும்போது மயிர்க்கூச்செறிகிறது என்றாள். சத்துணவுத் தக்காளி சாதமும் முட்டையும் நம் வீட்டுச் சமையலைவிட நன்றாக இருக்கிறது என்று, சமைக்கிற என்னிடமே சொன்னாள். வகுப்பில் டீச்சர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதும் பொறுப்பு ஒரு நாள் அவளுக்குக் கிடைத்தது. சாயங்காலம் வந்து அதைச் சொன்னபோது முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். பேச்சை அடக்கித்தான் பாடம் நடத்த வேண்டுமா என்று நான் மேடை மேடையாகக் கேட்டவன். என் மகள் கையில் சாக்பீஸோடு, "அதிகம் பேசினா பேருக்குப் பக்கத்துல இன்ட்டு போடுவோமுங்கப்பா, ரொம்ப அதிகம்னா ரெண்டு இன்ட்டு" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி அடுக்களைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

அவளுக்குச் சிரமமாக இருந்தது நேரம். எட்டுப் பீரியட். வீட்டில் ஒன்றைப் பிடித்தால் சலிக்கிறவரை விடமாட்டாள். வெள்ளை ஈயை மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தவளுக்குச் சிந்துவெளி நாகரிகம் சூடு பிடிக்கிற நேரத்தில் மணி அடித்து, கணக்கு மிஸ் உள்ளே வருகிறார். "ஆசை வர்றதுக்குள்ள பெல் அடிச்சுடுதுங்கப்பா." ஹோம் ஸ்கூலிங் பற்றி நான் பேசுகிற பேச்சின் முதல் பத்தியே இதுதான், ஆனாலும் அவள் வாயில் கேட்டபோது மகிழ்ச்சி வரவில்லை. இன்றுவரை இதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது. பள்ளி இதில் தோற்கிறது என்றே நினைக்கிறேன். அவள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள்: ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில், பாதியில் நின்றவற்றை வரிசையாக எழுதி வைக்கிறாள். சனிக்கிழமை அந்தப் பட்டியலோடு வருவாள். பெரும்பாலானவற்றில் அதற்குள் ஆசை போயிருக்கும்.

எழுதுகிற வேகமும் உதைத்தது. போர்டில் எழுதியதைப் பார்த்து எழுதும் பழக்கமே அவளுக்குக் கிடையாது. மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பும்போது இவள் மூன்றாவது வரியில் இருப்பாள். பக்கத்து இருக்கைப் பெண் தன் நோட்டைக் கொடுத்துக் கொடுத்து இதைச் சரிக்கட்டினாள். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகப் போகிற பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், கணக்கையும் இங்கிலீஷையும் பற்றிக் கவலைப்படுவதைக் குறைத்துக்கொண்டு, கடைசி இரண்டு மூன்று மாதம் பார்த்து எழுதப் பழக்குங்கள். காதால் கேட்டு எழுதவும்தான். இந்தப் பதிவில் புத்திமதி என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான்.

அழுதது தெரிந்ததுதான் எனக்குப் பெரிய அடி.

அதைச் சொன்னது அவளுடைய வகுப்புத் தோழியின் அம்மா. பூக்கடையில் பார்த்தபோது, "அன்னைக்குப் பாப்பா அழுதுச்சாமே, இப்பப் பரவாயில்லீங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரித் தலையாட்டினேன். விசாரித்ததில் விஷயம் சின்னதுதான். பள்ளி திறந்த புதிதில், பாடம் நடக்கும்போதே எழுந்து, யாரையும் கேட்காமல், தண்ணீர் குடிக்க வெளியே நடந்திருக்கிறாள். வீட்டில் அப்படித்தானே. மொத்த வகுப்பும் சிரித்திருக்கிறது. டீச்சரும் சிரித்திருக்கிறார். திரும்பி வந்து உட்கார்ந்தவள் டெஸ்கில் தலை வைத்து அழுதிருக்கிறாள். நான் கேள்விப்படும்போது அது நடந்து வாரங்கள் ஆகிவிட்டன.

அன்று இரவு மெல்லக் கேட்டேன். "ஏஞ்சாமி, அப்பாகிட்டச் சொல்லலை?"

"அது அன்னைக்கே முடிஞ்சுபோச்சுங்கப்பா."

"அழுதியாமே."

"ஆமா. அப்புறம் அவ மிட்டாய் குடுத்தா. அப்புறம் சிரிச்சோம்."

அவ்வளவுதான். அவளுக்கு அது முடிந்த கதை. எனக்கு அன்றுதான் ஆரம்பம். அவள் விழுந்து முட்டி சிராய்த்த ஒவ்வொரு தடவையும், பூச்சிக்குப் பயந்த ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அவள் வாழ்க்கையில் எனக்குத் தெரியாமல் ஒரு அழுகை நடந்து, வேறு யாரோ மிட்டாய் கொடுத்து, அது சிரிப்பாகவும் முடிந்து, கிடப்பிலும் போய்விட்டது. பள்ளிக்கு அனுப்புகிற பெற்றோர்கள் இதை மூன்று வயதில், எல்.கே.ஜி. வாசலிலேயே விழுங்கிவிடுகிறார்கள். நான் பதினோரு வயதுவரை ஒத்திப் போட்டிருந்தேன். வட்டியோடு வந்தது. என் மனைவிக்கு இது பெரிதாகப் படவில்லை. ஆறு வருடமாகக் காலையில் கிளம்பிப் போய், சாயங்காலம் வந்து, பகலில் நடந்ததை என் வாயால் கேட்டே அறிந்துகொண்டிருந்தவர் அவர். "நான் இப்படித்தாங்க இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் விரிக்கவில்லை. விரிக்கவும் வேண்டியிருக்கவில்லை.

"இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணும் நடக்கலை" என்பதுதான் பதில் என்று ஊர் உலகத்துக்கே தெரிந்ததை நானும் கற்றுக்கொண்டேன். கேட்காமல் இருந்தால், பாத்திரம் கழுவும்போதோ கொசுவலை கட்டும்போதோ தானாக வரும். அப்படி வந்ததுதான் கடிகாரக் கதை. ஆறாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் அளவீடுகள். சுவர்க் கடிகாரத்துக்கு முன்னால் என்னை நிறுத்தி, இடப்பக்கம் தள்ளி நின்று மணி பார்க்கச் சொன்னாள், பிறகு வலப்பக்கம். ஒரு நிமிடம் வித்தியாசம் காட்டியது. "நேரா நின்னு பாக்கோணுமுங்கப்பா, இல்லாட்டி இடமாறு தோற்றப்பிழை." தோப்பில், வாய்க்காலில், மரக்கடையில் என்று டேப்பைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ அளந்திருக்கிறோம். இதை நான் சொல்லித் தந்ததில்லை. என்னிடமிருந்து வராத ஒன்றை அவள் எனக்குச் சொல்லித் தந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கடிகாரத்துக்கு முன்னால் அவள் சொன்ன பக்கமெல்லாம் நகர்ந்து நின்றேன்.

முதல் பருவத் தேர்வு வந்தது. ஆறாம் வகுப்பில் பருவத் தேர்வுக்கு 60 மதிப்பெண், வகுப்புச் செயல்பாடுகளுக்கு 40. தேர்வு என்ற ஒன்றை வாழ்க்கையில் முதல் தடவையாக எழுதினாள். எனக்கு ஒரு பயம் இருந்தது: புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுதமாட்டாள், தன்னுடைய பதிலை எழுதுவாள், சிவப்பு மையில் அடிப்பார்கள். அதற்கு என்ன பேச வேண்டும் என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். விடைத்தாள் வந்தது. பற்றுக்கம்பியால் ஏறும் கொடிக்கு எடுத்துக்காட்டுக் கேட்ட இடத்தில், வேலியோரக் கோவைக்கொடியை எழுதி, பக்கத்தில் சிறிதாகப் படமும் போட்டிருந்தாள். பாடத்தில் அந்தக் கொடி இல்லை. இதோ என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். டிக். முழு மதிப்பெண். ஓரத்தில் டீச்சர் கையெழுத்தில், "கொடியைக் கொண்டுவந்து காட்டு" என்று இருந்தது.

மொத்த மதிப்பெண் நடுவாந்தரம்தான். பொருத்துக, கோடிட்ட இடம் நிரப்புக இரண்டிலும் நிறையப் போயிருந்தது. அவளுக்கு அதில் வருத்தமில்லை, கொடியை அறுத்துக்கொண்டு போகும் அவசரம். எனக்குத்தான் ஒத்திகை பார்த்த பேச்சை என்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லா வாத்தியாரும் இப்படித்தான் என்று இதை வைத்துச் சொல்ல வரவில்லை. இதே பள்ளியில் இன்னொரு பாடத்துக்கு, பதிலைச் சொந்த வாக்கியத்தில் எழுதியதற்கு மதிப்பெண் குறைக்கிறார்கள். அதற்கும் போய்ச் சண்டை போடவில்லை. "அந்த மிஸ்ஸுக்கு அப்படி எழுதினாத்தான் புடிக்கும், நான் அப்படியே எழுதிக்கறேன்" என்று விட்டுவிட்டாள். ஆளுக்கு ஏற்ற மாதிரி எழுதுவது ஒரு திறமையா, சமரசமா என்று நான் இன்னும் மனசுக்குள் வழக்காடிக்கொண்டிருக்கிறேன். தீர்ப்பு வரவில்லை.

வீட்டில் என் கை சும்மா இருக்க மறுத்தது. சாயங்காலம் அவள் வந்து பையை வைத்ததும், வாசலில் கிடந்த ஓணான் முட்டையையோ பேப்பரில் வந்த ஒரு படத்தையோ எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். ஒரு நாள் அவள் சோர்ந்துபோய், "இன்னைக்குப் பள்ளிக்கொடம் முடிஞ்சுதுங்கப்பா, மறுபடியும் ஒண்ணு வேண்டாம்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். நான் அவளுக்கு அப்பாவா வாத்தியாரா என்று இத்தனை காலம் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் வந்ததே இல்லை. இப்போது வாத்தியார்கள் அவளுக்கு ஆறு பேர் இருக்கிறார்கள். மாலையில் அவளுக்குத் தேவை கொஞ்சம் முறுக்கும், பேசாத ஒரு ஆளும். முறுக்கு சுலபம்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உறுப்பினராக இல்லாவிட்டாலும் போய் ஓரமாக உட்கார்ந்தேன். "நீங்க வீட்டுலயே சொல்லிக் குடுத்தவருதானுங்களே, படிப்பைப் பத்தி ஏதாச்சும் சொல்லுங்க" என்றார் ஒருவர். கல்வி பற்றி என்னிடம் ஒரு மணி நேரப் பேச்சு எப்போதும் தயார். எழுந்து நின்றேன். பெண்கள் கழிப்பறையில் இரண்டு குழாய்களில் தண்ணீர் வரவில்லை என்று மகள் கொசுவலை கட்டும்போது சொன்னது நினைவுக்கு வந்தது, அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பின்வரிசையிலிருந்த அம்மாக்கள் சிலர், "ஆமாங்க, அதச் சொல்லுங்க" என்றார்கள். அடுத்த மாதம் ஒரு குழாயில் தண்ணீர் வந்தது.

கோ-கோ அணியில் அவளுக்கு இடம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். உட்கார்கிற எட்டில் ஒருத்தியாக, வகுப்புகளுக்குள் நடக்கிற ஆட்டத்தில் ஆடுகிறாள். குறுவட்டப் போட்டிக்கு எட்டாம் வகுப்பு அக்காக்கள் போனார்கள். இவள் கரையில் நின்று கத்தித் தொண்டை கட்டிக்கொண்டு வந்தாள்.

போன வாரம் உடுமலையிலிருந்து ஒருவர் போன் செய்தார். அவரும் பையனை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறவர்தான். பையன் பள்ளிக்குப் போகக் கேட்கிறானாம். என்னென்ன காகிதம் வேண்டும் என்று சொன்னேன். எமிஸ் பற்றிச் சொன்னேன். ஜூன் வரை காத்திருக்காமல் ஏப்ரல், மே மாதத்திலேயே போய்த் தலைமையாசிரியரைப் பார்த்துவிடுங்கள் என்றேன். பார்த்து எழுதுகிற பழக்கத்தை மறக்காமல் சொன்னேன். எல்லாம் குறித்துக்கொண்டு கடைசியில், "பாப்பா எப்படிங்க இருக்கறா?" என்றார்.

"ஞாயித்துக்கெழமை வீட்டுப் பக்கம் வாங்க, அவகிட்டயே கேட்டுக்குவீங்க" என்றேன். "வெள்ளிக்கெழமை வரைக்கும் நடந்ததுல எனக்குப் பாதிதானுங்க தெரியும்."